தோளில் ஒரு தழும்பு: ராஜாஜியின் ஐயமும் செங்கல்பட்டின் விடையும்

அம்பத்தூரில் ஏறி மேற்கே போகும் புறநகர் மின்தொடர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் கடந்து திருவள்ளூர் சேர்கிறது. அமாவாசை நாள்களில் அந்த வண்டிகளில் நெரிசல் மிகும். நோய் தீர வேண்டி வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கச் செல்லும் மக்கள் அவர்கள். அக்கூட்டத்தில் அறுபதைக் கடந்தவர்களின் கைகளைப் பார்த்தால், பெரியம்மைக்குக் குத்திய அகன்ற வடுக்கள் தென்படும். சிலரது இடது தோளில் மட்டும் அதனினும் சிறிய வட்டமான இன்னொரு தழும்பும் உண்டு. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி விட்டுச்செல்லும் குறி அது.

அந்தச் சிறு தழும்புக்குப் பின்னே ஒரு பெரிய வரலாறு கிடக்கிறது. தடுப்பூசி என்றதும் இன்றும் நாம் கேட்கும் கேள்விதான் அதன் மையம்: என் குழந்தைக்கு நேரக்கூடிய சிறு தீங்கும், ஊருக்குக் கிட்டக்கூடிய பெரு நன்மையும் ஒரே தராசில் ஏறும்போது முள் எந்தப் பக்கம் சாயவேண்டும்? இக்கேள்வி சென்னையில் எழுந்து, சென்னைக்கு மேற்கே திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் எண்களாக விடைபெற்றது. கேட்டவர்கள் எதிர்பார்த்த விடை அதுவன்று. கேட்கப்பட்டவர்கள் எதிர்பார்த்ததும் அதுவன்று.

1948ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் காசநோயால் இறந்தார். இலக்கிய வாசகர்களுக்கு அந்நோயின் முகம் எது என்று கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது அந்த மரணம்தான். அவருக்கு வயது 42. அதே ஆகஸ்டில், ஆந்திரத்தின் மதனப்பள்ளியில், இந்தியாவின் முதல் பி.சி.ஜி. தடுப்பூசிகள் போடப்பட்டன. கிண்டியில் கிங் நிலைய வளாகத்தில் அத்தடுப்பூசியைத் தயாரிக்கும் ஆய்வகமும் 1948இலேயே அமைந்தது. மருத்துவமனைப் படுக்கைகள் போதாத நாடு அது. மருந்துகள் அரிதானவை, விலை மிக்கவை. ஓர் ஊசியால் நோயைத் தடுத்துவிடலாம் என்ற சொல் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை இன்று நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் எதிர்ப்பும் உடனே கிளம்பியது. 1949இல் சென்னையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர் ஏ.வி. ராமன் நாளிதழில் எழுதத் தொடங்கினார். தடுப்பூசிக்கு எதிரான முதல் குரல் ஒரு பொறியாளருடையது என்பது கவனிக்கத்தக்கது. குடிநீர், சாக்கடை, காற்றோட்டமுள்ள வீடு ஆகியவற்றால் நோயை ஒழித்த தலைமுறை அவருடையது. ஊசியை அவர் குறுக்குவழியாகவே கண்டார்.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆவடி என்ற ஊர்ப்பெயர் இந்திய அரசியல் வரலாற்றில் ஏறியது அந்தத் தீர்மானத்தால்தான். அரசு மக்களின் வாழ்வுக்குள் நுழைந்து அவர்களுக்கு நன்மை செய்யும், செய்யவேண்டும் என்ற நம்பிக்கை உச்சத்தில் இருந்த காலம். அதே ஆண்டில்தான், முதலமைச்சர் பதவியை விட்டு விலகி ஓராண்டு ஆகியிருந்த ராஜாஜி, பி.சி.ஜி. தடுப்பூசியைத் தாம் ஏன் எதிர்க்கிறேன் என்று விளக்கி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் தடுப்பூசி இயக்கம் முழுவீச்சில் நடந்துகொண்டிருந்த நேரம் அது. மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் அவ்வியக்கத்தின் உறுதியான ஆதரவாளர். ஆக, நாட்டின் முன்னாள் கவர்னர் ஜெனரல், தாம் சார்ந்த கட்சியின் அரசு நடத்திய திட்டத்தையே பகிரங்கமாக எதிர்த்தார்.

ராஜாஜியின் வாதங்களை இன்று படிக்கும்போது அவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்று அச்சம். நோயற்ற குழந்தையின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதா என்ற கேள்வி. தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் அக்காலத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டியது 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் நடந்த பேரிழப்பு. அங்கே பி.சி.ஜி. மருந்தை வாய்வழி பெற்ற பச்சிளங்குழந்தைகளில் 72 பேர் இறந்தனர். ஆனால் அதற்குக் காரணம் பி.சி.ஜி. கிருமியன்று; ஆய்வகத்தில் அதனோடு வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்ட பிழை. அதை இந்தியாவில் தோலில் போடப்பட்ட ஊசிக்கு எதிரான சான்றாகக் காட்டியது முறையன்று. பி.சி.ஜி.யின் உண்மையான தீங்குகள் வேறு: புண் சீழ்கட்டுதல், அக்குளில் நெறிகட்டுதல், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குன்றிய மிகச் சில குழந்தைகளில் கிருமி உடலெங்கும் பரவுதல். கோடிக்கணக்கில் போடப்படும் ஊசியில் இக்கடைசி வகை மிக அரிது.

மற்றொன்று ஐயம். இது வலுவானது. இந்த ஊசியால் நன்மை உண்டு என்பதற்கு இந்த மண்ணில் நிரூபணம் எங்கே? பள்ளிகளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஊசி போடும்போது பெற்றோரின் சம்மதம் உண்மையாகவே கேட்கப்படுகிறதா? காசநோய் வறுமையின் நோய் என்றால், உணவுக்கும் வீட்டுக்கும் போகவேண்டிய பணமும் கவனமும் ஊசிக்குப் போவது ஏன்? இவற்றுக்கு அரசுத் தரப்பில் வந்த பதில், உலக வல்லுநர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதாகவே பெரும்பாலும் அமைந்தது. அது அறிவியலாளர் சொல்லும் பதிலன்று. அதிகாரி சொல்லும் பதில். தமிழ்ச் சூழலில் ராஜாஜியின் இந்த எதிர்ப்பைப் பழமைவாதம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் வழக்கம் உண்டு. குலக்கல்வித் திட்டத்தால் அவர் மீது படிந்த நிழல் இங்கும் நீண்டுவிட்டது போலும். அவரது அச்சம் பிழை. ஐயம் பிழையன்று என்பது எங்கள் துணிபு.

ஏனெனில் வல்லுநர்களே தமக்குள் ஒன்றுபட்டிருக்கவில்லை. பிரிட்டனில் 1950இல் தொடங்கி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் பி.சி.ஜி. ஐந்தில் நான்கு பங்கு நோயைத் தடுத்தது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை போர்ட்டோ ரீக்கோவில் நடத்திய ஆய்விலோ ஏறக்குறைய முப்பது விழுக்காடுதான் பாதுகாப்பு. அந்நாட்டின் தென்மாநிலங்களில் அதனினும் குறைவு. குளிர்நாட்டில் பலித்தது வெப்பநாட்டில் பலிக்குமா என்பது வெறும் வீம்புக் கேள்வியாக இருக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் செங்கல்பட்டு மாவட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்று திருவள்ளூர் மாவட்டம் எனப்படுவது 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அன்று அம்மாவட்டத்து ஊர்களே. சென்னையில் காசநோய் ஆய்வுக்கு ஏற்கெனவே ஒரு மரபு உருவாகியிருந்தது. 1956இல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளியைச் சானடோரியத்தில் அடைத்துவைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்பதை 1959இலேயே உலகுக்குக் காட்டியிருந்தது. அதுவும் ஒருவகையில் தனிமனித ஆபத்தையும் பொதுநன்மையையும் எடைபோட்ட ஆய்வுதான். அதன் கதை தனியே எழுதப்படவேண்டியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் இணைந்து 1968இல் பணியைத் தொடங்கின. ஊர் ஊராகச் சென்று, வீடு வீடாகக் கணக்கெடுத்து, 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். டியூபர்குலின் சோதனை, மார்பு எக்ஸ்ரே, ஐயத்துக்குரியவர்களிடம் சளிப் பரிசோதனை. 1971க்குள் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்குப் பாரிஸ் வகை பி.சி.ஜி., சிலருக்குக் கோபன்ஹேகன் வகை. ஒவ்வொன்றிலும் கூடிய அளவு ஒன்று, குறைந்த அளவு ஒன்று. மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பின்னர் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, புதிதாக யாருக்கு நோய் வந்திருக்கிறது என்று தேடினார்கள். பதினைந்து ஆண்டுகள். எக்ஸ்ரே இயந்திரத்தைச் சுமந்த வண்டி, அன்றைய கிராமத்துப் பாதைகளில், நடவும் அறுவடையும் பாராமல் அவ்வளவு காலம் போய்வந்தது என்பதை எண்ணிப்பார்த்தால், இத்தகைய பொறுமை நம் நாட்டில் வேறெந்தத் துறையில் காட்டப்பட்டது என்று வியக்கத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்கு அறநெறிக் கொள்கை அறிக்கையை முதன்முதலில் வெளியிட்டது 1980இல். இரண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டபோது அப்படியோர் ஆவணம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றி ராஜாஜி கேட்ட சம்மதக் கேள்வியை இந்த ஊர்களுக்கும் நீட்டலாம். ஓர் உழவுத் தொழிலாளிக்கு, தன் மகளுக்குப் போடப்படுவது மருந்தாகவும் இருக்கலாம், வெற்று நீராகவும் இருக்கலாம் என்பதை எந்தச் சொற்களில் விளக்கிப் புரியவைப்பது? நல்ல பயன் தரும் என்று நம்பப்பட்ட ஒன்றை மூன்றில் ஒருவருக்கு மறுப்பது நியாயமா? இந்தக் கேள்விகளின் கூர்மையை ஆய்வின் முடிவு விசித்திரமாக மழுக்கிவிட்டது.

முதல் அறிக்கை 1979இல் வெளிவந்தது. பதினைந்தாண்டு முழு முடிவு 1999இல். தொடக்கத்தில் நோய்த்தொற்று இல்லாதவர்களாகவும் எக்ஸ்ரேயில் குறையற்றவர்களாகவும் இருந்த 1,09,873 பேரில், அந்தப் பதினைந்து ஆண்டுகளில் 560 பேருக்கு நுரையீரல் காசநோய் உறுதியாயிற்று. கூடிய அளவு பி.சி.ஜி. பெற்றவர்களில் 189 பேர். குறைந்த அளவு பெற்றவர்களில் 191 பேர். வெற்று ஊசி பெற்றவர்களில் 180 பேர்.

ஏறக்குறைய சம எண்ணிக்கை கொண்ட மூன்று குழுக்கள் அவை. இத்தொகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தவர்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்! முப்பது ஆண்டுகளாக நாடெங்கும் பல கோடிக் குழந்தைகளின் தோளில் குத்தப்பட்ட ஊசி, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. சிறுவர்களிடம் மட்டும் பிற்பட்ட ஆண்டுகளில் சற்றே பாதுகாப்பு தென்பட்டது. அதுவும் புள்ளியியல் உறுதியற்ற அளவில். அதே ஆய்வு மக்களிடையே தொழுநோய்க்கு எதிராக பி.சி.ஜி. ஓரளவு காத்தது என்பது எதிர்பாராமல் கிடைத்த கொசுறு.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. அவற்றுள் பலரும் ஏற்பது, இப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவினர்கள் மிகுதி என்பது. ஏரிப்பாசனத்து ஊர்களில் பிறந்து அம்மண்ணில் விளையாடும் பிள்ளையின் உடல், ஊசி வருமுன்பே அந்த உறவுக்காரக் கிருமிகளால் பழக்கப்பட்டுவிடுகிறது, ஆகவே பி.சி.ஜி. புதிதாகக் கற்றுக்கொடுக்க ஏதுமில்லாமற் போகிறது. லண்டன் பிள்ளைக்குப் பலித்தது செங்கல்பட்டுப் பிள்ளைக்குப் பலியாததற்கு ஏரித்தண்ணீரும் ஒரு காரணம் என்பது, ஏரிகள் மனைகளாகிவிட்ட இன்றைய அம்பத்தூர்க்காரருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம்.

ஊசி நிறுத்தப்பட்டதா என்றால், இல்லை. 1978இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடுவது இன்றுவரை தொடர்கிறது. இதுதான் இக்கதையின் திருப்பம். பச்சிளங்குழந்தைகளுக்குக் காசநோய் மூளைச் சவ்வில் ஏறினால் பெரும்பாலும் மரணம், அல்லது வாழ்நாள் முழுதும் ஊனம். உடலெங்கும் பரவும் கடுமையான வகையும் உண்டு. இவ்விரண்டையும் பி.சி.ஜி. கணிசமாகத் தடுக்கிறது என்பதைச் சென்னை உட்படப் பல இடங்களில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின. செங்கல்பட்டு ஆய்வு அவற்றை அளக்க வகுக்கப்பட்டதன்று. ஆனால் இந்நோய்கள் வந்த குழந்தை கிருமியை இருமி வெளியேற்றிப் பிறருக்குத் தருவதில்லை. அதாவது, அக்குழந்தையைக் காப்பாற்றுவது அக்குழந்தையைக் காப்பாற்றுவதோடு முடிகிறது. ஊரில் நோய் பரவும் வேகம் அதனால் குறைவதில்லை.

தராசின் தட்டுகள் இடம் மாறிவிட்டன. 1955இல் வாதிட்ட இரு தரப்பும், இந்த ஊசி சமுதாயத்தின் நன்மைக்காகத் தனிக் குழந்தை ஏற்கும் ஆபத்து என்றே எடுத்துக்கொண்டிருந்தன. அந்த ஆபத்து தகும் என்றது அரசு, தகாது என்றார் ராஜாஜி. கடைசியில் தெரியவந்தது, சமுதாய நன்மை என்று எதிர்பார்க்கப்பட்டது கிட்டவேயில்லை. ஊசி நிலைத்திருப்பது தனிக் குழந்தைக்கு அது தரும் நன்மையால். இன்று ஒரு தாய் தன் சிசுவுக்கு பி.சி.ஜி. போடச் சம்மதிக்கும்போது ஊருக்காக எதையும் தியாகம் செய்யவில்லை. தன் பிள்ளைக்காகத்தான் சம்மதிக்கிறாள். இதைப் பதினைந்து ஆண்டுப் பொறுமையின்றி அறிந்திருக்க முடியாது.

ஆனால் எல்லாத் தடுப்பூசியும் பி.சி.ஜி. அன்று. அதற்கும் சான்று தேடி நாம் தொலைவு போகவேண்டியதில்லை. ஆய்வு நடந்த அதே திருவள்ளூர் மாவட்டத்தில், 2008 ஏப்ரல் 23ஆம் நாள், தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. ஒரே நாளில், ஒரே மாவட்டத்தில். அந்த வீடுகளில் போய் நின்றுகொண்டு இலட்சத்தில் இத்தனை, கோடியில் இத்தனை என்று கணக்குச் சொல்ல எவருக்கும் வாய் எழாது. தட்டம்மை ஊசி உலர்தூளாக வருவது. போடும் முன் அதற்கென உள்ள நீர்மத்தில் கரைக்கவேண்டும், கரைத்ததைச் சில மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். உலகெங்கும் இத்தகைய மரணங்களை ஆராய்ந்தபோது, மருந்தைவிட அதைக் கரைப்பதிலும் கையாள்வதிலும் நேர்ந்த தவறுகளே பெரும்பாலும் காரணமாக வெளிப்பட்டிருக்கின்றன.

அதன்பின் தமிழக அரசு எடுத்த முடிவு மனித இயல்புக்கு ஒத்தது. கிராமச் சுகாதாரச் செவிலியர் ஊர் ஊராகச் சென்று ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. இனி மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோதான் ஊசி. ஆபத்து நேர்ந்தால் அருகில் மருத்துவர் இருப்பார் என்ற நியாயம் அதில் இருந்தது. ஆனால் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது நின்றபின், கூலி வேலையை ஒருநாள் விட்டுவிட்டுப் பேருந்தேறிப் போகவேண்டியவள் தாய்தான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எல்லாத் தடுப்பூசியும் பெற்ற குழந்தைகள் தமிழகத்தில் 2005-06இல் ஏறக்குறைய 81 விழுக்காடு. 2015-16இல் ஏறக்குறைய 70. நாட்டின் பிற பகுதிகள் ஏறிக்கொண்டிருந்த பத்தாண்டில், முன்னோடி மாநிலம் இறங்கியது. அதற்கு இந்த முடிவு மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. அதற்கும் பங்குண்டு என்பதைப் பொதுச் சுகாதார வல்லுநர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

தட்டம்மையின் கணக்கு பி.சி.ஜி.யின் கணக்கன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கேனும் எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். ஒன்பது மாதம் நிரம்பாத சிசுவுக்கு இங்கே வழக்கமாக அந்த ஊசி போடப்படுவதில்லை. அதைக் காப்பது அண்டை வீட்டுப் பிள்ளையின் தோளில் ஏறிய ஊசி. திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் வார்க்கும் பெண்களுக்கு இந்த உண்மை நூல்வழி வந்ததன்று: அம்மை ஒரு வீட்டுக்கு வந்தால் தெருவுக்கே வந்தது என்று வேப்பிலை கட்டி வாழ்ந்த தலைமுறைகளின் அறிவு அது. ராஜாஜியின் 1955ஆம் ஆண்டு வாதத்தை எடுத்துத் தட்டம்மைக்குப் பொருத்துகிறவர் தவறுகிறார். தட்டம்மையின் வெற்றியை எடுத்து எல்லா ஊசியும் இப்படித்தான் என்கிறவரும் அதே தவற்றைத்தான் செய்கிறார். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் தமிழகத்துக்கு வந்தபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்தினர். 1955இல் சொல்லப்பட்ட அதே பதில்தான் அப்போதும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது: வல்லுநர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். செங்கல்பட்டின் அந்த மூன்று எண்களைச் சொல்லி, ஆம், ஓர் ஊசி பலிக்கவில்லை என்று நாங்களே கண்டுபிடித்து நாங்களே அறிவித்தோம், ஆகவே இந்த ஊசி பலிக்கும் என்று நாங்கள் சொல்லும்போது நம்புங்கள் என்று எவரும் வாதிட்டதாக நாம் கேள்விப்படவில்லை. கையில் இருந்த மிகச் சிறந்த சான்று அதுவாகத்தான் இருந்தது.

1979க்குப் பின் பெரியவர்களுக்கு பி.சி.ஜி. என்ற பேச்சு ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. 2024இல் தமிழகம் உட்பட இந்திய மாநிலங்கள் பலவற்றில் அது மீண்டும் தொடங்கியது, இம்முறை ஆய்வாகவே, சம்மதம் பெற்று. அண்மையில் காசநோய் வந்து குணமானவர்கள், நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், புகைப்பவர்கள், உடல் மெலிந்தவர்கள் ஆகியோருடன் அறுபது வயதைக் கடந்தவர்களும் அதற்குரியோர் பட்டியலில் இருக்கிறார்கள். 1970இல் திருவள்ளூரை அடுத்த ஒரு சிற்றூரில், பத்து வயதில், என்ன ஊசி என்று அறியாமல் கை நீட்டிய ஒருவர் இன்று அந்த வயதைத் தாண்டியிருப்பார். தமக்கு அன்று கிடைத்தது மருந்தா வெற்று நீரா என்று அவர் அறிய விரும்பினால், சட்டையைக் கழற்றி இடது தோளைப் பார்த்துக்கொள்ளலாம்.